பச்சோந்திக்கு முன்னால் கூண்டை வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் செல்லப் பிராணிகள் பற்றி வந்த கட்டுரையில் பச்சோந்திக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சத்தம் போடாது, நாற்றம் அடிக்காது, வெளியே நடக்கக் கூட்டிப்போகத் தேவையில்லை, ஆகவே முதல்முறையாகப் பிராணி வளர்க்கிறவர்களுக்கு ஏற்றது என்கிறது அந்தப் பத்தி. முதல் மூன்றும் சரி. அந்த ‘ஆகவே’தான் இடிக்கிறது. பல வருடங்களாகப் பச்சோந்தி வளர்க்கிறவன் நான், அதனால் புதிதாக வாங்கினவர்கள் பதறிப்போய்க் கேட்கும் கேள்விகளும் என்னிடம் நிறைய வரும். அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல், பச்சோந்தி வீட்டுக்கு வரும் முன்பே கேட்டிருக்க வேண்டியவை.

விஷயம் இதுதான். பச்சோந்தி தன்னளவில் தொல்லையான பிராணி இல்லை. அதற்குத் தேவையான வெயில், ஈரம், காற்று, மறைவு இவற்றை ஒரு கூண்டுக்குள் கொண்டுவருவதுதான் வேலை, அந்த வேலையை முதலிலேயே முடித்துவிட்டால் அப்புறம் தினமும் செய்ய அதிகம் இருக்காது. ஆனால் நடப்பது தலைகீழாக இருக்கிறது. குட்டி அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள், கூடவே கடைக்காரர் தரும் சின்னக் கண்ணாடித் தொட்டியும் ஒரு பல்பும் வந்துவிடுகின்றன, விளக்கு எந்த வகை, தண்ணீர் எப்படிக் குடிக்கும் என்பதெல்லாம் அது சாப்பிடாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தேடப்படுகிறது.

முதலில் ஒரு கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்குப் பிராணியைக் கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டுமா? ஆம் என்றால் பச்சோந்தி வேண்டாம், வேறு எதையாவது பாருங்கள், ஊர்வனவே வேண்டும் என்றாலும் கையில் எடுப்பதைப் பொறுத்துக்கொள்கிற பல்லி வகைகள் இருக்கின்றன. பச்சோந்தி பார்த்து ரசிக்கிற பிராணி. சில பச்சோந்திகள் நாளடைவில் நம் கையில் இருந்து பூச்சியை வாங்கும், தானாகக் கையில் ஏறிவரும், அது நம் அதிர்ஷ்டம். அதை நம்பி வாங்கக் கூடாது. மரத்தில் வாழும் சின்னப் பிராணிக்கு மேலிருந்து இறங்கும் எதுவுமே பறவைதான், நம் கையும் சேர்த்து. அதனால்தான் எடுக்கவே வேண்டிய நேரத்தில்கூட கையைக் கீழிருந்து கொண்டுபோய், கிளை போல முன்னால் வைத்து, அதுவாக ஏறும்வரை காத்திருக்கச் சொல்வோம்.

நிறம் மாறுவது பற்றியும் ஒரு வார்த்தை. கட்சி மாறுகிறவர்களை எல்லாம் பச்சோந்தி என்று திட்டித் திட்டி, பின்னால் இருக்கும் சுவரின் நிறத்துக்கு அது மாறும் என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். அப்படி இல்லை. அதன் நிறமாற்றத்தில் பெரும்பகுதி உடல் சூடு, மனநிலை, மற்ற பச்சோந்திகளுக்குச் சொல்லும் சேதி இவற்றைச் சார்ந்தது. தோலுக்குள் நிறமிகள் போக குவானின் என்ற பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அந்த அடுக்குகளின் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ பிரதிபலிக்கும் ஒளியின் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் பாந்தர் என்ற இனப் பச்சோந்திகளை வைத்துக் காட்டினார்கள். வளர்க்கிறவருக்கு இதில் பயன் என்னவென்றால், நிறத்தைப் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். காலையில் விளக்கின் கீழே கறுத்துப்போய், உடலைத் தட்டையாக்கிப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சூடு ஏற்றிக்கொள்கிறது, நல்லது. நாள் முழுக்க, விளக்கை விட்டு விலகியும் கறுப்பாகவே இருந்தால் ஏதோ அதை வதைக்கிறது. வாயைப் பிளந்து சீறினால் என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை.

சரி, எந்த வகையை வாங்குவது? இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன, அதில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் மட்டும். புதிதாக வளர்க்கிறவர்களுக்கு நடைமுறையில் கிடைப்பது மூன்று. வெயில்டு பச்சோந்தி ஏமன், சவூதி அரேபியப் பகுதியைச் சேர்ந்தது, தலையில் உயரமான கொண்டை இருக்கும், ஆண் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை வளரும். உடம்பு தாங்கும், ஆனால் பல வெயில்டுகள் சிடுமூஞ்சிகள். பாந்தர் மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரத்தது, ஊருக்கு ஊர் நிறம் வேறு. நோசி பே தீவின் ஆண்கள் நீலப்பச்சை, அம்பிலோபே பகுதி ஆண்களுக்கு உடலில் நீலமும் சிவப்புமாகப் பட்டைகள். பெண்கள் எந்த ஊரானாலும் மங்கலான இளஞ்சிவப்பும் பழுப்பும்தான். மூன்றாவது ஜாக்சன், ஆணுக்கு மூன்று கொம்பு, கென்யா தான்சானியா மலைப்பகுதி, முட்டையிடாமல் குட்டி போடும். ஜாக்சனுக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். இரவிலும் புழுங்குகிற வீடாக இருந்தால் கொம்பின் அழகில் மயங்க வேண்டாம், அது தாங்காது.

என்னைக் கேட்டால் முதல் பச்சோந்திக்கு ஆண் பாந்தர், இல்லையென்றால் ஆண் வெயில்டு. ஆண் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயில்டு பெண் ஆணையே பார்க்காமல் இருந்தாலும் வயது வந்ததும் முட்டை வைக்கும், கருவுறாத முட்டைகள், ஒரு தடவைக்கு முப்பது, ஐம்பது என்று. நிறையத் தீனி போட்டால் இன்னும் அதிகம். அத்தனை முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து அதன் உடம்பில் இருந்துதான் போகிறது. குறைந்தது ஒரு அடி ஆழத்துக்கு, சுரங்கம் தோண்டினால் இடிந்து விழாத ஈர மணலும் மண்ணும் கலந்த தொட்டி கூண்டுக்குள் இருக்க வேண்டும், அது தோண்டும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பாதியில் நிறுத்திவிடும். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பெண்ணை வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, கொஞ்சம் கை பழகிய பிறகு வளர்க்கலாம். வெயில்டில் ஆண் பெண் தெரிந்துகொள்வது சுலபம்: ஆண் குட்டிக்குப் பொரிக்கும்போதே பின்னங்காலில், குதிகால் இருக்கும் இடத்தில், சின்ன முள் போல ஒரு புடைப்பு இருக்கும். பெண்ணுக்குக் கிடையாது.

எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். காட்டில் பிடித்து அனுப்பப்படும் பச்சோந்தி பயணத்தில் வற்றிப்போய், வயிற்றில் புழுக்களோடு வந்து சேரும், அதைத் தேற்றுவது அனுபவசாலிக்கே கடினம். அது ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டில் இருப்பதைப் பிடித்து விற்பதற்கு நாம் காசு கொடுப்பதே தவறு. பச்சோந்திகளில் பெரும்பாலானவை சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன, அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. இதுபோக ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வனவிலங்குச் சட்டம், சில இடங்களில் உள்ளூர் இனத்தைத் தொடுவதே குற்றம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, வளர்ப்பில் பொரித்த குட்டியை, அதைப் பொரிக்க வைத்தவரிடமே வாங்குங்கள். மூன்று மாதம் ஆகாத குட்டியை வாங்க வேண்டாம். அந்த வயதில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பொறுக்காது.

வாங்கப் போகிற இடத்தில் என்ன பார்ப்பது என்று கேட்பார்கள். கண்ணைப் பாருங்கள். ஆரோக்கியமான பச்சோந்தியின் கண் கூம்பு போலப் புடைத்து, ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும், ஒரு கண் உங்களையும் இன்னொரு கண் கூண்டின் மூலையில் நகரும் பூச்சியையும் ஒரே நேரத்தில் கவனிக்கும். பகலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலோ, கண் உள்வாங்கி இருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள், பாவம் பார்த்து வாங்காதீர்கள். அப்புறம் பிடி. பாதத்தில் ஒரு பக்கம் இரண்டு விரல், மறுபக்கம் மூன்று விரல், இடுக்கி மாதிரி கிளையைக் கவ்வும். முன்னங்கால் எலும்பு நேராக இருக்க வேண்டும், வளைந்திருக்கக் கூடாது. நடக்கும்போது வயிறு கிளையில் உரசக் கூடாது. முடிந்தால் ஒரு பூச்சியைப் போடச் சொல்லிப் பாருங்கள். உடம்பின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்தில் இருப்பதைக்கூட நாக்கை வீசி எடுக்கிற பிராணி, பக்கத்தில் இருப்பதைத் தவறவிடுகிறது என்றால் கண்ணிலோ நாக்கிலோ எலும்பிலோ கோளாறு.

இனி கூண்டு. வளர்ந்த வெயில்டுக்கும் பாந்தருக்கும் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நாலடி உயரம் என்பது குறைந்தபட்சம். உயரம் முக்கியம். கூண்டைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள், மேல் கிளையில் உட்கார்ந்தால் அது நம்மைக் குனிந்து பார்க்க வேண்டும், நாம் குனிந்து பார்க்கிற உயரத்தில் இருந்தால் அதற்கு நிம்மதி கிடையாது. பக்கங்கள் வலையாக இருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். வறண்ட, குளிர்ந்த வீடுகளில் சிலர் இரண்டு மூன்று பக்கத்தை மறைத்துவிடுவார்கள், அதிலும் தப்பில்லை, கீழிருந்து காற்று நுழைந்து மேலே வெளியேற வழி இருந்தால் போதும். உள்ளே விரலை விடக் கொஞ்சம் மெலிந்ததில் இருந்து கொஞ்சம் தடித்தது வரை கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக, கூடவே உயிருள்ள செடிகள். செம்பருத்தி நல்லது, வெயில்டு இலையையும் பூவையும் கடித்துத் தின்னும், தின்றாலும் ஒன்றும் ஆகாது. பூச்சி மருந்து அடித்த செடியாக மட்டும் இருக்கக் கூடாது. கூண்டில் பாதியாவது இலையால் மறைந்திருக்க வேண்டும். ‘அப்படி வைத்தால் பச்சோந்தி தெரியவே மாட்டேன் என்கிறதே’ என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தெரியாமல் போக இடம் இருந்தால்தான் அது தைரியமாக வெளியே வரும். தரையில் மரத்தூள், மணல் எதையும் கொட்ட வேண்டாம், நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போய்விடும்.

ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்திதான். துணை இல்லாமல் தவிக்கும் என்று இரண்டு வாங்குகிறவர்கள் அன்பினால் செய்கிறார்கள், ஆனால் பச்சோந்திக்கு இன்னொரு பச்சோந்தி கண்ணில் படுவதே தொல்லை. கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தால்கூட எதிரி என்று எண்ணி விறைத்துக்கொள்ளும்.

விளக்கு விஷயத்தில்தான் அதிகப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு விளக்குகள் வேண்டும், இரண்டும் வேறு வேறு வேலைக்கு. ஒன்று சூட்டுக்கு: சூடு தருகிற சாதாரண குண்டு பல்பு போதும், வெயில்டுக்கு பல்புக்குக் கீழே உள்ள கிளையில் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், பாந்தருக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, குட்டிகளுக்கு இன்னும் குறைவு. கூண்டின் மற்ற இடம் அறை வெப்பத்திலேயே இருக்கட்டும், சூடு போதுமென்றால் விலகிப்போக அதற்கு இடம் வேண்டும். விளக்கை எட்டித் தொட்டுவிடாதபடி வலைக்கு வெளியே, உயரத்தில் பொருத்துங்கள், முதுகில் சுட்ட காயத்தோடு வரும் பச்சோந்திகள் ஏராளம். இன்னொன்று யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையைத் தருவது, குழல் வடிவத்தில் இருப்பது, டி5 என்று விற்பார்கள். சுருள் பல்பு வேண்டாம், ஒரே இடத்தில்தான் ஒளி விழும். இது எதற்கு? தோலில் யூவிபி பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் சாப்பிட்ட கால்சியம் குடலில் இருந்து ரத்தத்துக்குப் போகும். இல்லாவிட்டால் உடம்பு எலும்பில் இருக்கும் கால்சியத்தை உருவி எடுக்கும். தாடை ரப்பராகிவிடும், கால் எலும்புகள் வளையும், கிளையில் தொங்க முடியாமல் தரையில் ஊர்ந்து கிடக்கும். வளைந்த எலும்பு திரும்ப நிமிராது. ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன், வெயில் வருகிறதே என்பார்கள். கண்ணாடி வழியாக யூவிபி வராது, சூடு மட்டும்தான் வரும். இன்னொரு சூட்சுமம், யூவிபி விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உள்ளே யூவிபி குறைந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாது. அளக்கும் கருவி இருந்தால் அது உட்காரும் இடத்தில் யூவி குறியீடு 3 அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எரிந்தாலும் எரியாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். டைமர் போட்டு 12 மணி நேரம் பகல், 12 மணி நேரம் இருட்டு. இரவில் சிவப்பு விளக்கு, நீல விளக்கு எதுவும் வேண்டாம், அதற்கும் தூக்கம் வேண்டும்.

தண்ணீர். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. கிண்ணம் நிறையத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வற்றிச் சாகும், மிகையாகச் சொல்லவில்லை. அது குடிப்பது இலையில் திரண்டு நிற்கும் துளியை. விடியலில் ஸ்பிரே அடித்து முடித்த பிறகு அசையாமல் நின்று பாருங்கள்: கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரு கண் மட்டும் திரும்பி இலை நுனியில் மின்னும் துளியில் நிற்கும், மெதுவாகக் கழுத்தை நீட்டும், பூச்சியைப் பிடிக்கும்போது வீசுகிற அதே நாக்கு இப்போது நுனி மட்டும் வெளியே வந்து இலையை நக்கும், ஒவ்வொரு விழுங்கலுக்கும் தலை லேசாக மேலே போகும். ஒரு தடவை ஆரம்பித்தால் ஐந்து பத்து நிமிடம்கூடக் குடிக்கும், நாம் நகர்ந்தால் நிறுத்திவிடும். விளக்கு எரிவதற்கு முன்பு காலையிலும், அணைந்த பிறகு இரவிலும் ஸ்பிரே, பகலில் சொட்டுச் சொட்டாக இலை மேல் விழும்படி ஒரு டிரிப்பர், இது போதும். இரவில் ஈரப்பதம் ஏறி, பகலில் காய்ந்து இறங்க வேண்டும். எந்நேரமும் ஈரமும் சூடுமாகப் புழுங்கினால் நுரையீரலில் சளி கட்டும். வழிகிற தண்ணீரைப் பிடிக்கக் கீழே தட்டு வைக்க மறந்தால் தரை நாறும், வீட்டில் இருப்பவர்களும் நாலு வார்த்தை சொல்வார்கள். குடிக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் எச்சத்தைப் பாருங்கள். கறுப்புக் கழிவோடு வெள்ளையாக ஒரு கட்டி இருக்கும், அதுதான் அதன் சிறுநீர் உப்பு. வெள்ளையாக இருந்தால் கவலை இல்லை. முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டால் தண்ணீர் போதவில்லை.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட் பூச்சி, வளர்ப்புக் கரப்பான், பட்டுப்புழு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பூச்சியின் அளவு பச்சோந்தியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்கு தினமும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டு ஒரு நாள். பூச்சிக்கு முதல் நாளே கீரை, காய் போட்டு வயிற்றை நிரப்புங்கள், பூச்சி சாப்பிட்டதைத்தான் பச்சோந்தி சாப்பிடுகிறது. டி3 கலக்காத கால்சியம் பொடியை லேசாகத் தூவிக் கொடுங்கள், டி3 கலந்ததும் மல்டி வைட்டமினும் மாதத்துக்கு இரண்டு தடவை போதும், அதிகமானால் அதுவும் நஞ்சு. மின்மினிப் பூச்சி மட்டும் கூடவே கூடாது, அதில் உள்ள நஞ்சு பல்லி வகைகளைக் கொன்றுவிடும். மிச்சம் இருக்கும் கிரிக்கெட்டை இரவில் உள்ளே விடாதீர்கள், தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். பூச்சியைத் தொடவே அருவருப்பாக இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, பூச்சி டப்பாவும் வீட்டுக்குள்தான் இருக்கப் போகிறது, ஆண் கிரிக்கெட்டுகள் இரவெல்லாம் கத்தும். சத்தமில்லாத பிராணி என்று எழுதினீர்களே, பிராணிதான் சத்தமில்லாதது.

இவை எல்லாவற்றையும் பூட்டி, செடியை வைத்து, பச்சோந்தி இல்லாமலேயே ஒரு வாரம் ஓட விடுங்கள். வெப்பமானியையும் ஈரப்பதமானியையும் காலை, மதியம், இரவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் சூடு ஏறுகிறதா, டைமர் ஒழுங்காக வேலை செய்கிறதா, தட்டு நிரம்பி வழிகிறதா என்பதெல்லாம் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். இதே வாரத்தில் இன்னொரு வேலை: ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். நாய், பூனையை நன்றாகப் பார்க்கிற மருத்துவர்கள் பலருக்குப் பச்சோந்தி பழக்கம் இருக்காது, அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இல்லவே இல்லை என்றால், வாங்குவதை இன்னொரு முறை யோசியுங்கள் என்பதுதான் என் கருத்து, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வந்து சேர்ந்த பிறகு முதல் சில நாள் சாப்பிடாமல் இருக்கலாம், ஒளிந்துகொண்டே இருக்கலாம். ஸ்பிரேயும் தீனியும் தவிர கூண்டுப் பக்கம் போகாதீர்கள், பார்க்க வருகிற சொந்தக்காரர்களையும் கொஞ்சம் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள். புது எச்சத்தை எடுத்துப் போய்ப் புழு இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கொடுங்கள். கூண்டில் கை வைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நன்றாகக் கவனித்தால் வெயில்டும் பாந்தரும் ஐந்தாறு வருடம் இருக்கும், சில அதற்கும் மேலே. அத்தனை வருடமும் நீங்கள் வெளியூர் போகிற நாட்களில் ஸ்பிரே அடிக்க ஒரு ஆள் வேண்டும்.

கட்டுரையில் ஒரு பத்திக்கு மேல் இடம் தர முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அதனால் ஒரு வேண்டுகோள்: ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் எலும்பு வளையும் அந்த நோயைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள், எக்ஸ்ரே படத்தோடு போட்டால் இன்னும் நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விளக்கை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்